பல பயன்பாட்டுச் சிங்க்: தினமும் தேய்த்தும் துருப்புள்ளி, வெண்படிவு, வாடை – எங்கே தவறு செய்கிறேன்?

அடுக்களைவிளக்கு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான்கு மாதங்களுக்கு முன்பு பழைய சிங்கை எடுத்துவிட்டு, கழுவுதல், நறுக்குதல், வடித்தல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் செய்யக்கூடிய வகையைச் சேர்ந்த எவர்சில்வர் சிங்க் ஒன்றைப் பொருத்தினோம். நடுத்தடுப்பு இல்லாத அகலமான ஒரே தொட்டி. அதன் உள்விளிம்பில் முன்னும் பின்னும் ஒரு படி ஓடுகிறது. அந்தப் படியின்மேல் இடமும் வலமும் நகரும்படி மூங்கில் வெட்டுப்பலகை, துளையிட்ட வடிகூடை, சுருட்டி வைக்கும் கம்பிப் பாய் ஆகியவை உட்காருகின்றன. தலையை வெளியே இழுத்துக்கொள்ளும் குழாயும், தம்ளரைக் கவிழ்த்து அழுத்தினால் உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் அமைப்பும் உண்டு. எங்கள் மேடை சிறியது. தொட்டியின் மேற்பரப்பும் வேலை செய்யும் இடமாகிவிடும் என்றுதான் இதை வாங்கினோம். அந்த வகையில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பராமரிப்பில்தான் தடுமாறுகிறேன். தொட்டியின் அடியில் பழுப்பு நிறப் புள்ளிகள் தோன்றிவிட்டன. குழாயைச் சுற்றியும் தம்ளர் கழுவியைச் சுற்றியும் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. கழுவியின் பீச்சலும் முன்பைவிடத் தளர்ந்துவிட்டது. வெட்டுப்பலகை லேசாக வளைந்து, படியில் உட்காரும் அதன் இரு ஓரங்களும் கறுத்துவிட்டன. போதாததற்கு, காலையில் கதவைத் திறந்தால் சிங்க் பக்கத்திலிருந்து ஒரு புளித்த வாடை வருகிறது. இத்தனைக்கும் நான் தினமும் இரும்பு நாரால் அழுத்தித் தேய்க்கிறேன். வாரம் ஒருமுறை பிளீச் கலந்த தண்ணீரை நிரப்பி இரவு முழுவதும் விட்டுவைக்கிறேன். இவ்வளவு கவனித்தும் ஏன் இப்படி ஆகிறது என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

உலோகப்பட்டறை

வணக்கம். உங்களிடம் அக்கறைக்குக் குறைவில்லை. ஆனால் துருப்புள்ளிகளைப் பொறுத்தவரை, நீங்கள் செய்துவரும் அந்த இரண்டு காரியங்களே காரணமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பது அதன் மேல் இயல்பாகவே உருவாகும், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலத்தால்தான். சமையலறைத் தொட்டிகளுக்குப் பரவலாகப் பயன்படும் 304 வகையில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கின்றன. படலத்தில் கீறல் விழுந்தாலும், பரப்பு சுத்தமாக இருந்து காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டால் அது தானாகவே மீண்டும் உருவாகிவிடும். அதை உருவாகவிடாமல் தடுத்து அரிக்கும் பெரும் பகை குளோரைடு. அது உப்பில் இருக்கிறது, பிளீச்சிலும் இருக்கிறது. நீங்கள் இரவு முழுவதும் நிரப்பி வைக்கும் பிளீச் தண்ணீர் ஊசி முனையளவு குழிகளைத் தோண்டத் தொடங்கிவிடும். அப்படித் தோன்றும் குழி மேலே சிறிதாகவும் உள்ளே ஆழமாகவும் போகும். கிருமி நீக்கத்துக்குப் பிளீச் தேவைப்பட்டால், புட்டியில் குறிப்பிட்ட அளவுக்கு நன்றாக நீர்த்து, குறிப்பிட்ட நேரம் மட்டும் வைத்திருந்து, உடனே தாராளமாகத் தண்ணீர் விட்டு அலசித் துடைத்துவிடுங்கள்.

இரும்பு நாரின் கதை வேறு. அதன் நுண்துகள்கள் தொட்டியின் கோடுகளுக்குள் சிக்கிக்கொண்டு, ஈரம் பட்டதும் அவை துருப்பிடிக்கின்றன. ஆகவே நீங்கள் பார்க்கும் பழுப்புப் புள்ளிகளில் பெரும்பகுதி தொட்டியின் துருவாக இல்லாமல் நாரின் துருவாக இருக்க வாய்ப்புண்டு. ஈர இரும்புச் சட்டியை இரவில் தொட்டிக்குள் விட்டாலும் இதே கறை விழும். சமையல் சோடாவைச் சிறிது தண்ணீரில் குழைத்து, மென்மையான பஞ்சில் தொட்டு, தொட்டியின் மேற்பரப்பில் தெரியும் கோடுகளின் போக்கிலேயே தேய்த்துப் பாருங்கள். குறுக்கே தேய்த்தால் கீறல்கள் பளிச்சென்று தெரியும். அதற்கும் போகாத கறைக்கு, ஆக்சாலிக் அமிலம் கலந்த எவர்சில்வர் துப்புரவுப் பொடியைக் கையுறை அணிந்து பயன்படுத்தலாம். கறை போன பிறகு நகத்தால் தடவும்போது குழி தட்டுப்பட்டால், அது உண்மையான அரிப்பு. அதை மறைக்க முடியாது, வளரவிடாமல் தடுக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பலரும் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. கழிப்பறைக்கான ஹைட்ரோகுளோரிக் அமிலத் துப்புரவுப் புட்டியைச் சிங்குக்குக் கீழுள்ள அலமாரியில் வைக்காதீர்கள். மூடி சற்றுத் தளர்ந்திருந்தாலும் கசியும் ஆவி தொட்டியை அடிப்புறத்திலிருந்து அரித்துவிடும், மேலே எவ்வளவு துடைத்தும் பயன் இருக்காது.

உங்கள் தொட்டி எந்த வகை என்று பார்ப்பதானால், காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்து 304 என்று முடிவு செய்ய வேண்டாம். நிக்கல் குறைவான 200 வரிசை உலோகத்திலும் காந்தம் ஒட்டாது. நல்ல 304 தொட்டியிலேயே வளைத்த மூலைகளில் லேசாக ஒட்டுவதும் உண்டு.

இருவேளைச்சமையல்

இதே வகைச் சிங்கைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். உங்கள் பலகையைப் பற்றியும் வாடையைப் பற்றியும் மட்டும் சொல்கிறேன்.

இந்த வகைச் சிங்கில் எல்லாவற்றையும் படியின் மேலேயே வைத்திருக்கலாம் என்று விளம்பரப் படங்கள் நம்பவைத்துவிடுகின்றன. உண்மையில் அந்தப் படிதான் இதன் மிக அழுக்கடையும் பகுதி. பலகையின் ஓரமும் வடிகூடையின் விளிம்பும் அதன்மேல் அழுந்தியிருக்கும் இடத்தில் தண்ணீரும் உணவுத் துணுக்குகளும் சிக்கி, காற்றுப் படாமல் ஊறிக்கொண்டே இருக்கும். உங்கள் பலகை அங்கேதான் கறுத்திருக்கிறது என்பதைப் பாருங்கள். இரவு வேலை முடிந்ததும் நகரும் பொருள்கள் எல்லாவற்றையும் தூக்கி வெளியே எடுத்துவிடுங்கள். படியின் உள்மூலை வரை பழைய பல் துலக்கும் பிரஷால் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். இதற்கு மூன்று நான்கு நிமிடங்களுக்கு மேல் ஆகாது. நான் இதைத் தவறவிட்ட நாள்களின் மறுகாலையில்தான் எங்கள் வீட்டிலும் நீங்கள் சொல்லும் வாடை வந்திருக்கிறது.

மூங்கிலோ மரமோ, பலகையை ஒருபோதும் ஊறவைக்கக் கூடாது, பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் போடக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் நனைந்து மறுபக்கம் உலர்ந்திருப்பதாலேயே அது வளைகிறது; கழுவும்போது இரு பக்கமும் கழுவி, இரு பக்கமும் காற்றுப் படும்படி நிமிர்த்தி வைத்து உலர்த்துங்கள். மாதம் ஒருமுறை, உணவுப் பயன்பாட்டுக்கு உரிய மினரல் ஆயிலை மெல்லியதாகத் தடவி, ஓரங்களில் சற்றுக் கூடுதலாகப் பூசி, இரவு முழுவதும் விட்டுவைத்தால் தண்ணீர் உட்புகுவது குறையும். சமையல் எண்ணெயைத் தடவாதீர்கள். அது நாளடைவில் சிக்குப் பிடித்து நாறும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் இந்த அமைப்பில் நான் மிகவும் கவலைப்படுவது அதைத்தான். கழுவிய காய்கறி வடிகூடையில் இருக்க, அதற்குப் பக்கத்திலேயே அதே படியின்மேல் பலகையில் பச்சை இறைச்சியை நறுக்கினால், சாறு வழிந்து கூடைக்குப் போவதற்கு ஒரு சாண் தூரம்கூட இல்லை. எனவே சமைக்காமல் உண்ணும் பொருள்களை முதலில் கழுவி நறுக்கி அங்கிருந்து அப்புறப்படுத்திய பிறகே இறைச்சியை எடுங்கள். அதற்கென்று தனிப் பலகை வைத்திருப்பது இன்னும் நல்லது. இறைச்சியைக் குழாயடியில் அலசுவதால் தெறிக்கும் துளிகள் கிருமிகளைக் குழாய்ப்பிடி, கூடை, மேடை என்று சுற்றிலும் பரப்பிவிடும். நன்றாக வேகவைப்பதுதான் கிருமியைக் கொல்லும், அலசுவது அல்ல.

கனமான கத்தியால் ஓங்கி வெட்ட வேண்டிய வேலைகளையும் இந்தப் பலகையில் செய்யாதீர்கள். அதன் நடுப்பகுதிக்கு அடியில் தாங்கல் இல்லை. பலகை துள்ளும், வழுக்கும்.

குழாய்ப்பணி

முன்னவர்கள் விரிவாகச் சொல்லிவிட்டதால், தண்ணீர் தொடர்பானவற்றை மட்டும் சொல்கிறேன்.

வெள்ளைப் படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். உங்கள் தண்ணீர் கடின நீராக இருக்க வேண்டும். வினிகரில் நனைத்த துணியைக் குழாயின் அடியிலும் கழுவியின் மேலும் பதினைந்து இருபது நிமிடம் சுற்றி வைத்துப் பிறகு அலசுங்கள். மணிக்கணக்கில் விடத் தேவையில்லை. கழுவியின் பீச்சு முனையையும் குழாய் வாயிலுள்ள வலைச் சல்லடையையும் கழற்ற முடிந்தால் கழற்றி, நீர்த்த வினிகரிலோ சிட்ரிக் அமிலக் கரைசலிலோ போட்டெடுத்து, துளைகளை மெல்லிய குச்சியால் குத்திவிட்டால் பீச்சல் பழைய வேகத்துக்கு வந்துவிடும். பிளீச் விட்ட நாளில் வினிகரைத் தொடாதீர்கள். இரண்டும் கலந்தால் நச்சான குளோரின் வாயு வெளிப்படும். இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன்.

வாடைக்கு, வடிகால் வாயிலுள்ள சல்லடைக் கிண்ணத்தைக் கழற்றி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மேலே பளபளப்பாக இருந்தாலும் அடியில் வழவழப்பாகப் படிந்திருக்கும். தொட்டி நிரம்பினால் தண்ணீர் வெளியேறப் பக்கச் சுவரில் ஒரு துளை இருக்குமே, அதன் உட்பாதையை யாரும் கழுவுவதே இல்லை. நீளமான மெல்லிய பிரஷை உள்ளே விட்டுத் தேய்த்து, சோப்புக் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றுங்கள். நாள்கணக்கில் வெளியூர் போய் வந்த பிறகு மட்டும் சாக்கடை வாடை வந்தால், அடியிலுள்ள வளைகுழாயில் நின்று வாயுவைத் தடுக்கும் தண்ணீர் வற்றியிருக்கிறது என்று பொருள்; குழாயைச் சற்று நேரம் திறந்துவிட்டாலே சரியாகிவிடும்.

கொதிநீரை அப்படியே வடிகாலில் கொட்ட வேண்டாம். கீழே இருப்பது பிவிசி குழாயாக இருந்தால் சூட்டில் இளகி இணைப்புகள் தளரும். கொட்டும்போது பச்சைத் தண்ணீரையும் திறந்துவிடுங்கள். மேலும், உங்கள் சிங்கில் சாதாரணச் சிங்கைவிட இணைப்புகள் அதிகம். தம்ளர் கழுவிக்குச் செல்லும் குழாயில் எப்போதும் அழுத்தம் இருக்கும். மாதம் ஒருமுறை எல்லா இணைப்புகளையும் உலர்ந்த காகிதத்தால் தொட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் வாஷரை மாற்றுங்கள். மேலும் மேலும் முறுக்கினால் வாஷர் நசுங்கி ஒழுக்கு கூடத்தான் செய்யும். இழுகுழாயின் கீழே தொங்கும் எடைக்கட்டி அலமாரியிலுள்ள புட்டிகளில் இடிக்காதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுக்களைவிளக்கு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அமிலப் புட்டி உண்மையிலேயே சிங்குக்குக் கீழேதான் இருந்தது. இன்றே இடம் மாற்றிவிட்டேன். ஓர் ஐயம்: சமையல் சோடாவைத் தூவி அதன்மேல் வினிகரை ஊற்றினால் நுரைத்துக்கொண்டு அழுக்கை எடுத்துவிடும் என்கிறார்களே, அப்படிச் செய்யலாமா?

உலோகப்பட்டறை

ஆபத்து இல்லை, ஆனால் பயனும் குறைவு. ஒன்று காரம், மற்றொன்று அமிலம். கலந்ததும் ஒன்றையொன்று முறித்து, கரியமில வாயுவும் தண்ணீரும் சோடியம் அசிடேட்டும் ஆகிவிடுகின்றன. நுரை மட்டும்தான் கண்ணுக்கு மிச்சம். சோடாவால் தேய்த்து அலசிவிட்டு, உப்புப் படிவு உள்ள இடத்தில் மட்டும் வினிகரைத் தனியாகப் பயன்படுத்துங்கள்.

அடுக்களைவிளக்கு

இரண்டு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். பழுப்புப் புள்ளிகள் ஏறக்குறைய எல்லாமே சோடாவிலேயே போய்விட்டன. வடிகால் வாய்க்கு அருகில் இரண்டு மட்டும் நகத்தில் தட்டுப்படுகின்றன. தம்ளர் கழுவியும் நன்றாகப் பீய்ச்சுகிறது. வாடை சல்லடைக் கிண்ணத்தின் அடியிலிருந்துதான் வந்திருக்கிறது, அதைக் கழற்றியபோது எனக்கே மனம் பதறியது. இரவில் எல்லாவற்றையும் தூக்கி வைத்துப் படியைத் துடைப்பது முதல் சில நாள்கள் சுமையாக இருந்தது. இப்போது அதைச் செய்யாமல் விளக்கை அணைக்க மனம் வருவதில்லை. பலகையின் வளைவு மட்டும் நிமிரவில்லை. அந்த இரண்டு குழிகளையும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடலாமா?

உலோகப்பட்டறை

வேண்டாம். உப்புத்தாள் பட்ட இடம் சுற்றியுள்ள பரப்பிலிருந்து தனியாகத் தெரியும், குழியின் ஆழமும் போகாது. அந்த இடத்தில் ஈரம் தேங்காமல் இரவில் துடைத்து வைத்தாலே போதும்.