மறு: ‘க்ளிமா’ – காலநிலை வேண்டாம், விளைபுலம் சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> “பர்கண்டியின் காலநிலைகள் 2015இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன” என்று மொழிபெயர்த்திருக்கிறேன். சரிதானே ஐயா?

இல்லை தம்பி. தப்பு உங்களுடையது என்றும் சொல்ல மாட்டேன், ‘க்ளிமா’ (climat) என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு அகராதி அப்படித்தான் சொல்லும். ஆனால் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது வெயிலும் மழையும் அல்ல, 1,247 துண்டு நிலங்கள். பிரான்சில் ஒயினுக்குப் பேர்போன பகுதி பர்கண்டி; அந்த ஊர்க்காரர்கள் ‘க்ளிமா’ என்பது எல்லை கட்டி, பெயர் வைத்து, தலைமுறை தலைமுறையாகத் தனித்தே மதித்துவந்த திராட்சை நிலத்தை. சொல்லின் கிரேக்க வேருக்குச் ‘சாய்வு’ என்று பொருள். அது இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது, ஏனென்றால் அந்த ஊர்க் கதை முழுக்கச் சாய்வில்தான் இருக்கிறது.

டிஜோனிலிருந்து தெற்கே சுமார் 50 கிலோமீட்டருக்கு ஒரு சரிவு ஓடுகிறது, கோத் தோர் என்று பெயர். கிழக்குப் பார்த்த சரிவு, காலை வெயில் நேராக விழும். நம் கம்பம் ஊர்த் திராட்சைப் பந்தலை மனதில் வைத்துப் படிக்காதீர்கள். அங்கே கொடி இடுப்பளவுதான், ஹெக்டேருக்கு 10,000 கொடி என்று நெருக்கி நட்டிருப்பார்கள். சரிவின் தலைமாட்டில் மண் மெலிந்து சுண்ணாம்புப் பாறை எட்டிப்பார்க்கும். அடிவாரத்தில் களி ஆழம், தண்ணீர் தங்கும். இரவுக் குளிர்காற்றும் வழிந்து வந்து அங்கேயே படுத்துக்கொள்ளும், ஏப்ரலில் உறைபனி விழுந்தால் அந்தத் துளிர் கருகிப்போகும். இரண்டுக்கும் நடுவே சுண்ணாம்பும் களியும் கலந்த ஒரு பட்டை. நீர் வடிந்துவிடும், வேர் கீழே தேடிப்போகும். முதல் தர நிலங்கள் பெரும்பாலும் இந்தப் பட்டையில்தான்.

அங்கே உள்ள ரொமானே கொந்தி என்ற க்ளிமா 1.8 ஹெக்டேர், நம் கணக்கில் நாலரை ஏக்கர். 1760இல் கொந்தி இளவரசர் வாங்கியது. பத்திரத்தில் நான்கு எல்லை எழுதுவதுபோல் எழுதினால், வடக்கே ரிஷ்பூர், தெற்கே லா க்ராந்த் ரூ, மேற்கே லா ரொமானே, கிழக்கே ரொமானே சேன் விவான். எல்லாவற்றிலும் ஒரே பினோ நுவார் கொடிதான். ஆனால் ரொமானே கொந்தி எப்போதோ உச்சத் தரத்தில் இருக்க, ஒட்டியிருக்கும் லா க்ராந்த் ரூவுக்கு அந்தத் தரம் 1992இல்தான் கிடைத்தது. வரப்புக்கு வரப்பு பேரும் விலையும் மாறுகிற ஏற்பாட்டைக் ‘காலநிலை’ என்று எழுதினால், படிப்பவர் குடை தேடுவார்.

> க்ளிமாவுக்குக் காணி என்று வைத்தால் என்ன?

காணி உரிமையைச் சுட்டும் சொல். க்ளிமாவுக்கும் உரிமைக்கும் சம்பந்தமில்லை. க்லோ த வூஷோவைப் பாருங்கள். 1098இல் தொடங்கிய சித்தோ மடத்துத் துறவிகள் சேர்த்துப் பயிரிட்டு, சுற்றிலும் கல்மதில் எழுப்பிய நிலம், ஏறக்குறைய 50 ஹெக்டேர். பிரெஞ்சுப் புரட்சியில் திருச்சபைச் சொத்தெல்லாம் பறிமுதலாகி ஏலத்துக்குப் போனது. பிறகு விற்பனை, பாகப்பிரிவினை என்று உடைந்து உடைந்து, இன்று அந்த ஒரே மதிலுக்குள் சுமார் 80 உரிமையாளர்கள். சிலருக்குச் சில வரிசைகள்தான். க்ளிமா ஒன்று, காணி எண்பது!

> தெர்வாருக்கு (terroir – மண், சாய்வு, வெயில் எல்லாம் சேர்ந்து ஒரு நிலத்தின் விளைச்சலுக்குத் தரும் தனிக்குணம்) திணை என்றே வைக்கலாமே?

ஆசையாகத்தான் இருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் சொல்வதைப் பிரெஞ்சுக்காரரிடம் காட்டினால் கட்டிக்கொள்வார். ஆனால் அளவு ஒத்துவராது அம்மா. திணை மலை, காடு, வயல், கடல் என்று அகலமாகப் பார்க்கிறது. தெர்வார் நூறு அடிக்குள் வித்தியாசம் பார்க்கிறது. ஒரே சரிவை ஆயிரம் திணை ஆக்க முடியாது. தமிழில் அப்படியே ‘தெர்வார்’ என்று விட்டாலும், தெருவில் நிற்பவர் என்று படிக்கிறார்கள், எனக்கே ஒருமுறை அச்சுப்படியில் அப்படித் திருத்தி வந்தது.

‘மண்வளம்’ கூடவே கூடாது. வளமான மண்ணில் கொடி இலையாகத்தான் தள்ளும். என் பரிந்துரை ‘மண்வாகு’. 1395இல் பர்கண்டிக் கோமகன் பிலிப், கமே கொடியைப் பிடுங்கச் சொல்லி ஆணையிட்டார். காய்ப்பு அதிகம், சரக்கு மட்டம் என்பது புகார். அதே கமே தெற்கே பொஜொலேயின் கருங்கல் மண்ணில் பேர் வாங்கியது. கொடியும் மண்ணும் ஒன்றுக்கொன்று வாகாக அமைவதுதான் விஷயம். அதைச் சொல்ல நமக்கு ஏற்கெனவே ஒரு சொல் புழங்குகிறது.

க்ளிமாவுக்கு ‘விளைபுலம்’. விருந்தோம்புகிறவன் ‘புலம்’ விதைக்காமலே விளையும் என்கிறது குறள் 85, அங்கே புலம் என்றால் வயல். பட்டாவிலும் புல எண் என்றுதான் இருக்கிறது. ஐம்புலன் பக்கத்திலேயே நிற்பது கூடுதல் லாபம், சுவைத்துச் சுவைத்துத்தானே அந்த எல்லைகளை நிலைநிறுத்தினார்கள்.

-----

ஐயா, வணக்கம். விளைபுலம் பிடித்திருக்கிறது. காந்தப்புலம், பல்கலைக்கழகப் புலம், புலம்பெயர்ந்தோர் என்று ‘புலம்’ முதுகில் ஏற்கெனவே ஏகப்பட்ட மூட்டை, ‘விளை’ முன்னால் நிற்பதால் தப்பித்தது.

மண்வாகுவில் ஒரு சந்தேகம். 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில் ஃபைலாக்சிரா என்ற பூச்சி வந்து அந்த ஊர்க் கொடியின் வேரையெல்லாம் தின்றதே. அதன் பிறகு அமெரிக்க வேர்ச்செடியில்தான் ஒட்டுக்கட்டுகிறார்கள். மண்ணைத் தொடும் வேரே வெளியூர் வேர் என்றால், யாருக்கு யார் வாகு?

– உங்கள் விளக்கத்தால் தூக்கம் கெட்ட மொழிபெயர்ப்பாளர்

-----

அம்மா, நல்ல கிடுக்கிப்பிடி. வேர் மாறியும் மண் மாறவில்லை, சாய்வு மாறவில்லை, வரப்பும் மாறவில்லை. எந்த நிலத்து ஒயினை எந்தப் பெயரில் விற்கலாம் என்று சொல்லும் பெயருரிமை ஆணைகள் 1936 முதல் வந்தபோது, ஒட்டுக்கட்டிய கொடிகளை வைத்துக்கொண்டேதான் பழைய பெயர்களை உறுதிசெய்தார்கள். அந்த வேர்ச்செடியையும் சும்மா எடுக்க முடியவில்லை. சுண்ணாம்பு மண்ணில் பல அமெரிக்க வகைகளுக்கு இலை மஞ்சளித்துப் போனது, தாக்குப்பிடிக்கும் வகையைத் தேடித்தான் நட்டார்கள். வேருக்கும் வாகு பார்த்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

தம்பி, உங்கள் வாக்கியம் இப்படி இருக்கட்டும்: “பர்கண்டியின் விளைபுலங்கள் 2015இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன.” அடுத்த பத்தியில் ‘க்லோ’ வருகிறது, மதிலுக்குள் இருக்கும் விளைபுலம். ‘மதிற்புலம்’ என்று எழுதிப் பார்த்தேன், கோட்டை முற்றுகை மாதிரி இருக்கிறது. வேறு தோன்றினால் இதே இழையில் எழுதுங்கள்.