ஆப்கானிலிருந்து அமெரிக்கப் படை போனது: அக்கம்பக்க நாடுகளுக்கு ஆபத்து கூடியதா?

மாறன்:
2021 ஆகஸ்ட் 30, நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது கடைசி அமெரிக்க ராணுவ விமானம் காபூலிலிருந்து கிளம்பியது. இருபது வருடப் போர் முடிந்தது என்று எழுதினார்கள். யாருக்கு முடிந்தது?

பாகிஸ்தான் தலிபான் (டி.டி.பி.) 2022 நவம்பரில் போர்நிறுத்தத்தை முறித்தது. அடுத்த ஜனவரி 30, பெஷாவர் போலீஸ் வளாகத்துப் பள்ளிவாசலில் மதியத் தொழுகை நேரத்தில் குண்டு வெடித்து 80 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் போலீஸ்காரர்கள். டி.டி.பி. தலைமை மறுத்தாலும் அதன் ஒரு பிரிவு பொறுப்பேற்றது. 2024 ஜனவரியில் இரானின் கெர்மானில் 90 பேருக்கு மேல், மார்ச்சில் மாஸ்கோவின் குரோகஸ் அரங்கில் 140 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். இரண்டையும் ஐ.எஸ். அமைப்பின் ஆப்கான் கிளையான கொராசான் பிரிவு செய்ததாகவே அமெரிக்கா சொல்கிறது. படை போனதற்கான விலையை இப்போது கொடுப்பது அமெரிக்கா இல்லை, சுற்றியிருக்கும் மக்கள்தான் என்பது என் கருத்து.

இளங்கோ:
மாறன், நீங்கள் 2021-லிருந்து கணக்கு தொடங்குகிறீர்கள். நான் பின்னால் போகிறேன். டி.டி.பி. உருவானது 2007-ல். பெஷாவர் ராணுவப் பள்ளியில் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொன்றது 2014 டிசம்பரில். ஐ.எஸ். கொராசான் பிறந்தது 2015-ல். இவை எல்லாம் நடந்தபோது அமெரிக்க ராணுவம் ஆப்கானுக்குள்தான் இருந்தது. அதற்குச் சில வருடங்கள் முன்பு, உச்சத்தில், ஒரு லட்சம் அமெரிக்க வீரர்கள் அங்கே இருந்தார்கள்.

பிரவுன் பல்கலைக்கழகத்தின் கணக்குப்படி அந்தப் போரில் இறந்த ஆப்கான் பொதுமக்கள் மட்டும் 46,000 பேருக்கு மேல். கிளம்புவதற்கு முந்தைய நாள்கூட, வெடிகுண்டு வண்டி என்று நினைத்து ட்ரோனால் அடித்ததில் ஒரே குடும்பத்தில் பத்துப் பேர் போனார்கள். அதில் ஏழு பேர் குழந்தைகள். அந்த வண்டியில் இருந்தது தண்ணீர் கேன். இந்தப் படை இருந்ததைப் பாதுகாப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கயல்விழி:
இரண்டு பேரும் 'இருந்தது', 'போனது' என்றே பேசுகிறீர்கள். எப்படிப் போனார்கள் என்பதை யாரும் எடுக்கவில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

ஆப்கானில் அமெரிக்காவின் மிகப் பெரிய தளமாக இருந்த பக்ராம் விமானத் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஜூலை தொடக்கத்தில் ஓர் இரவு அமெரிக்கர்கள் மின்சாரத்தை அணைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். பொறுப்பேற்க வேண்டிய ஆப்கான் தளபதிக்கே இரண்டு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் கொள்ளைக்காரர்கள் உள்ளே புகுந்து பொருள்களை வாரிக்கொண்டு போயிருந்தார்கள். ஆயிரக்கணக்கான வாகனங்கள் நின்றன, பலவற்றுக்குச் சாவி இல்லை. காலையில் அங்கே காவலுக்கு நின்ற ஆப்கான் சிப்பாயின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். அதன்பிறகு எதற்காகச் சண்டை போடுவான்?

அந்தத் தளத்தை ஒட்டியே ஒரு பெரிய சிறை இருந்தது. ஆகஸ்ட் நடுவில் தலிபான் அதைத் திறந்துவிட்டது. வெளியே வந்த ஐ.எஸ். ஆட்களில் ஒருவன்தான், ஆகஸ்ட் 26 அன்று காபூல் விமான நிலைய வாசலில் தற்கொலைத் தாக்குதல் நடத்தி, 13 அமெரிக்க வீரர்களோடு ஏறக்குறைய 170 ஆப்கானியர்களையும் கொன்றான்.

அப்புறம், ஆப்கான் விமானப்படை. ஹெலிகாப்டர்களைப் பழுதுபார்த்தது அமெரிக்க ஒப்பந்த நிறுவன ஆட்கள். படையோடு அவர்களையும் கூட்டிப்போனார்கள். இனி வீடியோ அழைப்பில் சொல்லித்தருகிறோம் என்றார்கள்! மலைமேல் இருக்கும் காவல் சாவடிக்கு ஹெலிகாப்டர் வரவில்லை என்றால் தோட்டா, சோறு, காயம்பட்டவனுக்கு ஆஸ்பத்திரி, எதுவும் இல்லை. அங்கேதான் ராணுவம் கரைந்தது.

இதற்கு முன் ஆப்கானில் போரிட்ட சோவியத் படை 1989 பிப்ரவரி 15-ல் வெளியேறியது. ஆனால் எரிபொருளும் ஆயுதமும் பணமும் தொடர்ந்து வந்தன. மாஸ்கோ ஆதரித்த நஜிபுல்லா அரசு ஜலாலாபாத்தில், தன்னை எதிர்த்துப் போரிட்ட முஜாஹிதீன்களைத் தடுத்தே நிறுத்தியது. 1992 ஏப்ரலில்தான் விழுந்தது, அதுவும் மாஸ்கோவிலிருந்து உதவி நின்ற பிறகு. அமெரிக்கா ஆதரித்த அஷ்ரஃப் கனியின் அரசு கடைசி விமானம் கிளம்பும்வரைகூட நிற்கவில்லை, ஆகஸ்ட் 15-லேயே விழுந்துவிட்டது.

மாறன்:
கயல்விழி சொல்வதோடு எனக்குச் சண்டை இல்லை. இளங்கோவுக்கு ஒன்று. 2022 ஜூலை கடைசியில் அல்-கய்தா தலைவர் ஜவாஹிரி எங்கே இருந்தார்? குகையிலா? காபூல் நகரின் நடுவில், ஷேர்பூரில், ஒரு வீட்டு மாடியில். பயங்கரவாதிகளுக்கு இடம் தரமாட்டோம் என்று 2020-ல் தோஹாவில் அமெரிக்காவோடு ஒப்பந்தம் போட்ட தலிபானின் தலைநகரில்.

இளங்கோ:
உண்மைதான், அது அப்பட்டமான வாக்குமீறல். ஆனால் அவரைக் கொன்றது எது? ஆப்கானில் ஒரு அமெரிக்க வீரர்கூட இல்லாத நிலையில், ட்ரோனிலிருந்து வந்த ஏவுகணை. நாட்டையே பிடித்துவைத்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? காபூல் விமான நிலையத் தாக்குதலைத் திட்டமிட்டவனை 2023-ல் கொன்றதும் தலிபான்தான். ஐ.எஸ். அவர்களுக்கும் எதிரி.

மாறன்:
ஜவாஹிரி ஒரு ஆள், ஒரு வீடு, பல மாதக் கண்காணிப்பு. ஆப்கானில் டி.டி.பி.க்கு 6,000 பேருக்கு மேல் இருப்பதாக 2024-ல் ஐ.நா. கண்காணிப்புக் குழு சொன்னது. அத்தனை பேரையும் வானத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? அவர்கள் கையில் இப்போது இரவுப்பார்வைக் கருவிகள் இருக்கின்றன. பாகிஸ்தானின் எல்லை மாகாணமான கைபர் பக்துன்க்வாவில் இருட்டில் சாவடிக்குக் காவல் நிற்கும் போலீஸ்காரருக்கு எதிரே எதுவும் தெரியாது. சுடுகிறவனுக்கு அவர் தெளிவாகத் தெரிகிறார். ஆப்கான் படைக்குக் கொடுத்து அங்கேயே விட்டுவந்த தளவாடங்களின் மதிப்பு 700 கோடி டாலருக்கு மேல் என்று பென்டகனே சொன்னது.

ரஹ்மத்:
பாகிஸ்தானின் பங்கைப் பேசாமல் இது முழுமையாகாது. காபூல் விழுந்த மூன்றே வாரத்தில் பாகிஸ்தான் உளவு அமைப்பான ஐ.எஸ்.ஐ.யின் அன்றைய தலைவர் ஃபைஸ் ஹமீத் அங்கே போய், ஹோட்டலில் தேநீர்க் கோப்பையோடு நின்று, கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று செய்தியாளரிடம் சொன்னார். நமக்கு வேண்டியவர்கள் ஆட்சிக்கு வந்துவிட்டார்கள் என்ற நம்பிக்கை அது. ஆனால் இரு நாட்டுக்கும் எல்லையான டியூரண்ட் கோட்டை, பாகிஸ்தான் உருவான பிறகு காபூலில் எந்த அரசும் ஏற்றதில்லை, தலிபானும் ஏற்கவில்லை. கூடப் போரிட்ட டி.டி.பி.யையும் கைவிடவில்லை. 2024 மார்ச்சில் பாகிஸ்தான் விமானங்கள் ஆப்கானின் கோஸ்த், பக்திகா மாகாணங்களில் குண்டு போட்டன. செத்தது பெண்களும் குழந்தைகளும் என்று காபூல் சொன்னது. இருபது வருடம் ஆப்கான் தலிபானுக்கு இடம் கொடுத்ததன் பலனைப் படை விலகலின் தலையில் மட்டும் கட்டக் கூடாது. பாகிஸ்தான் 2023 கடைசியிலிருந்து எல்லைக்கு அந்தப்பக்கம் விரட்டிய லட்சக்கணக்கான ஆப்கான் அகதிகள் எந்தக் குண்டையும் வைக்கவில்லை.

மாறன்:
ரஹ்மத் பாய், அதை மறுக்கவில்லை. ஆனால் கடைசியாக அங்கே மிச்சமிருந்த 2,500 அமெரிக்க வீரர்களும் அந்தப் பழுதுபார்க்கும் ஆட்களும் இருந்திருந்தாலே காபூல் நின்றிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இளங்கோ:
பக்ராம் சிறை விஷயத்தில் கயல்விழி சொன்னதை ஏற்கிறேன், அது தடுத்திருக்கக்கூடிய சாவு. 2,500-ஐ ஏற்கமாட்டேன். தோஹா ஒப்பந்தத்திலிருந்து விமான நிலையத் தாக்குதல்வரை பதினெட்டு மாதம் ஒரு அமெரிக்க வீரர்கூடச் சண்டையில் சாகவில்லை. 2021 மே 1-க்குள் போகிறோம் என்று எழுதிக் கொடுத்ததுதான் காரணம். இருக்கப்போகிறோம் என்று சொல்லியிருந்தால் மறுநாளே தாக்குதல் தொடங்கியிருக்கும், 2,500 பேரைக் காப்பாற்ற இன்னும் 10,000 பேர் வந்திருப்பார்கள்.

கயல்விழி:
அந்தத் தேதியை எழுதிய மேசையில் ஆப்கான் அரசுக்கு நாற்காலியே போடவில்லையே, இளங்கோ. 5,000 தலிபான் கைதிகளை விடுவிப்பதாக அமெரிக்கா ஒத்துக்கொண்டது, விடுவிக்கும் வேலை மட்டும் காபூலின் தலையில் விழுந்தது. 2020 பிப்ரவரியில் அந்தச் செய்தியைக் கேட்ட ஒவ்வொரு மாவட்டத் தளபதியும் யாரோடு சமாதானம் பேசலாம் என்று அன்றே யோசிக்கத் தொடங்கியிருப்பான்.