பைக்குள் வைத்த செல்கள்: நாங்கள் பார்த்ததும் கேட்டதும்

என் மகனுக்கு ஆறு வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்தது. இப்போது அவனுக்குப் பதினான்கு. நாங்கள் இருப்பது கனடாவின் எட்மன்டனில். இன்சுலின் சுரக்கும் கணையத் தீவுச் செல்களைத் தானமாகப் பெற்று, அவற்றை ஈரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் செலுத்தி, ஏழு பேரை இன்சுலின் ஊசியிலிருந்து விடுவித்ததாக டாக்டர் ஷாபிரோ குழுவினர் 2000-இல் அறிவித்தது இந்த ஊரில்தான். "என் பிள்ளைக்கும் செய்யக் கூடாதா?" என்று டாக்டரிடம் கேட்டேன். உடம்பு அந்தச் செல்களைத் தாக்காமல் இருக்க நோய் எதிர்ப்பை அடக்கும் மாத்திரை தொடர்ந்து வேண்டும், சின்னப் பிள்ளைக்கு அது ஊசியைவிட ஆபத்து என்றார். "செல்லைப் பைக்குள் வைத்துக் காப்பாற்ற முடிந்தால் மாத்திரை வேண்டியிருக்காது" என்றும் சொன்னார். அன்று பிடித்துக்கொண்டேன் அந்தப் பையை.

2025 மார்ச்சில் வெர்டெக்ஸ் என்ற மருந்து நிறுவனம், செல்களை அப்படி உள்ளே வைத்துக் காக்கும் விஎக்ஸ்-264 என்ற கருவியின் சோதனையை நிறுத்தியது. ஆபத்து எதுவும் இல்லையாம். ஆனால் உடம்பு சொந்தமாக இன்சுலின் சுரப்பதைக் காட்டும் சி-பெப்டைடு போதுமான அளவு ஏறவில்லை. "உள்ளே செல் செத்துப்போச்சாம்மா?" என்று மகன் கேட்டான். என்ன சொல்வது என்று தெரியவில்லை.

*

அக்கா, நான் ஆய்வகத்தில் எலிகளை வைத்து இதே வேலையை இரண்டு வருடம் செய்தவன். கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டில் செல்களைக் கலந்து கால்சியம் கரைசலில் சொட்டுச் சொட்டாக விடுவோம். வெந்த ஜவ்வரிசி மாதிரி, கண்ணாடி போன்ற மணிகளாக விழும். ஒவ்வொரு மணியும் செல்லுக்கு ஒரு குட்டிப் பை. 1980-இல் லிம், சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எலியில் செய்து காட்டிய அதே வழி. சில வாரம் கழித்து எலியைத் திறந்தால் பல மணிகள் வெள்ளையாகியிருக்கும். முள் தைத்த இடத்தைச் சதை மூடுவது போல, உடம்பு அவற்றைச் சுற்றி நார் கட்டியிருக்கும். முதல் தடவை பார்த்தபோது நெஞ்சு கனத்துப்போனது.

தீவுச் செல்களில் இன்சுலின் சுரப்பது பீட்டா செல். அதற்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும். பை எதிரியைத் தடுக்கிறது, சரி. அதோடு ரத்தக் குழாயையும் உள்ளே விடுவதில்லை. ஸ்வீடனின் உப்சாலாவில் நான்கு பேருக்கு வைத்த கருவியில் தினமும் ஊசியால் ஆக்சிஜன் நிரப்பினார்கள். செல்கள் பிழைத்தன, ஆனால் இன்சுலின் தேவை குறையவில்லை. அதே சமயம், விஎக்ஸ்-264-இல் இருந்த அதே வகைச் செல்களைப் பை இல்லாமல், மாத்திரையோடு முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேர் ஒரு வருடம் கழித்து ஊசி இல்லாமல் இருந்தார்கள். ஆகவே குறை செல்லில் இல்லை அக்கா, சுவரில்தான்.

மகனிடம் இதையும் சொல்லுங்கள். 1996-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஒருவருக்குப் பன்றியின் தீவுச் செல்களை இப்படி மணிகளாக்கி வயிற்றுக்குள் வைத்தார்கள். ஒன்பதரை வருடம் கழித்துப் பார்த்தபோது உயிரோடு இருந்த செல்கள் கிடைத்தன.

*

சர்க்கரையால் சிறுநீரகம் போய், மாற்றுச் சிறுநீரகத்தோடு இருப்பவன் நான். நோய் எதிர்ப்பை அடக்கும் அந்த மாத்திரைகளை ஒன்பது வருடமாக விழுங்குகிறேன். கை நடுக்கத்தில் தேநீர் சிந்தும். கல்யாண வீட்டுக்குப் போனால் ஓரமாக, முகக்கவசத்தோடு உட்காருவேன். உங்கள் டாக்டர் பிள்ளைக்கு அதை வேண்டாம் என்று சொன்னது நல்லதுக்குத்தான், அம்மா.

*

இருவருக்கும் நன்றி. ராத்திரி மகனிடம் ஆக்லாந்துக் கதையைச் சொன்னேன். "ஒன்பதரை வருஷம் அதுக்கு ஆக்சிஜன் எப்படிக் கிடைச்சுது?" என்றான். தம்பி, இதற்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.