வீட்டு லாக்கர் திறக்கலையா? ட்ரில் எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

சென்னையில் வெவ்வேறு பகுதிக்காரங்க சொன்னது, ஒவ்வொருத்தர் பேச்சுக்கும் மேலே அவங்க இடம்.

பாரிமுனை, பூட்டு வேலை

எண் அழுத்தித் திறக்கிற லாக்கர் மக்கர் பண்ணினால், பூட்டு போயிடுச்சுன்னு உடனே முடிவு கட்டாதீங்க. கதவுக்குள்ளே இருப்பது ஒரு சோலனாய்டு. அதாவது செம்புக் கம்பிச் சுருள், அதன் நடுவில் சின்னதா ஒரு இரும்பு ஊசி. சரியான எண் போனதும் சுருள் ஊசியை உள்ளே இழுக்கும், 'டிக்'னு ஒரு சத்தம் வரும். அடுத்த சில விநாடிக்குள் குமிழைத் திருகணும். தவறினால் ஸ்பிரிங் ஊசியைப் பழைய இடத்துக்கே தள்ளிவிடும்.

பதற்றத்தில் பலரும் செய்கிற தப்பு, குமிழை இறுக்கித் திருகிப் பிடித்தபடியே எண்ணைப் போடுவது. அப்படிப் பிடித்தால் தாழ்ப்பாளின் அழுத்தம் முழுக்க ஊசியின் பக்கவாட்டில் விழும். அதை மீறி இழுக்க அந்தச் சுருளுக்குப் பலம் கிடையாது. குமிழைப் பூட்டிய நிலைக்கே திருப்பி விட்டு, கையை எடுங்க. எண்ணைப் போடுங்க, டிக் கேட்ட பிறகு திருகுங்க.

டிக் கேட்டும் குமிழ் அசையலைன்னா உள்ளே இருக்கிற சாமான் கதவை முட்டுதுன்னு சந்தேகப்படலாம். பத்திர ஃபைலின் முனை, திணிச்சு வச்ச நகைப் பெட்டி, எது வேணும்னாலும் இருக்கலாம். ஒருத்தர் உள்ளங்கையால் கதவை உள்பக்கமாக அழுத்திப் பிடிக்க, இன்னொருத்தர் எண் போட்டுத் திருகணும். வெளியே இழுத்தால் இறுக்கம் கூடத்தான் செய்யும்.

மூணு தடவை தப்பா அழுத்தினால் பல மாடல்கள் சில நிமிஷம் முடங்கிவிடும். அந்த நேரத்தில் பட்டனைத் தொடவே வேண்டாம், சில மாடலில் தொடுகிற ஒவ்வொரு முறையும் கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

ரிச்சி ஸ்ட்ரீட், எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ்

பாரிமுனை அண்ணன் சொன்ன டிக் சத்தமே வரலைன்னா முதலில் செல்லைப் பாருங்க. "பட்டன்ல லைட் எரியுது, பீப் வருது, அப்ப செல் நல்லாத்தானே இருக்கு?"ன்னு கேட்பாங்க. விளக்குக்கும் பீப்புக்கும் துளி மின்சாரம் போதும். சுருள் இழுக்கும் கணத்தில்தான் ஒரேயடியாக நிறைய கேட்கும். அப்போது பழைய செல்லின் வோல்டேஜ் சரிந்துவிடும், ஊசி நகராது. எண் போட்டதும் விளக்கு மங்கினால் அதுதான் அடையாளம்.

நாலு ஏஏ அல்கலைன் செல், நாலும் புதுசு, ஒரே பிராண்ட். 1.5 வோல்ட் வீதம் 6 வோல்ட் வரும். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற மலிவு செல் இதுக்கு ஆகாது, உள் மின்தடை அதிகம். ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட்தான், நாலு சேர்ந்தாலும் 4.8, அதுவும் வேண்டாம். ரெண்டு பழசு ரெண்டு புதுசு கலக்கவும் கூடாது.

நிறைய மாடலில் செல் பெட்டி கதவின் உள்பக்கம். கதவே திறக்காதபோது செல்லை எப்படி மாத்துறது? அதுக்காகத்தான் வெளியே ஒரு வழி வைத்திருப்பாங்க: பட்டன் பலகைக்குக் கீழே 9 வோல்ட் பேட்டரி தொட வைக்கிற ரெண்டு உலோகப் புள்ளி, அல்லது ஒயரோடு கூடிய தனி செல் பெட்டி செருகுகிற துளை. ப்ளஸ் மைனஸ் பார்த்து வைத்து, கதவு திறக்கும் வரை எடுக்காமல் பிடிச்சுக்கணும்.

பீப்பையும் எண்ணுங்க. ஆறு இலக்கம் அழுத்தினால் ஆறு பீப். அஞ்சுதான் வருதுன்னா, அந்த ஒரு பட்டனின் ரப்பருக்கு அடியில் தொடர்பு விட்டுப்போச்சு, எண் மறக்கலை. கடற்கரை ஒட்டின வீடுகளில் இது சீக்கிரம் வரும். செல் முனையில் வெள்ளையா மாவு பூத்திருந்தால் அது கசிந்த காரம். எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்ட பஞ்சுக் குச்சியால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, நல்லா காயவிட்டுப் புதுச் செல் போடுங்க.

மயிலாப்பூர், பழைய பீரோ ரிப்பேர்

சாவி போட்டுத் திறக்கிற பீரோ லாக்கருக்கு வேற வைத்தியம். சாவி உள்ளே போகுது, திரும்பலை. வீடு மாத்தின பிறகோ, டைல்ஸ் போட்ட பிறகோ இது ஆரம்பிச்சிருந்தால் பூட்டில் கை வைக்காதீங்க, பீரோவின் நாலு காலையும் பாருங்க. ஒரு கால் தாழ்ந்தால் சட்டம் முறுக்கிக்கும், தாழ்ப்பாள் ஓட்டையின் விளிம்பில் உரசி நிற்கும். மேலே ரசமட்டம் வைத்து, தாழ்ந்த காலுக்கடியில் கட்டையோ தகடோ கொடுத்தாலே சாவி சுற்ற வாய்ப்பிருக்கு.

தேங்காய் எண்ணெய் மட்டும் விடாதீங்க. அன்றைக்கு வழுக்கும், நாளடைவில் தூசியைச் சேர்த்துப் பிசினாகி உள்ளே இருக்கிற பித்தளை லீவர்களை ஒட்டவைக்கும். லீவர்கள் ஒவ்வொன்றும் சரியான உயரத்துக்கு எழும்பினால்தான் தாழ் நகரும், ஒன்று ஒட்டினாலும் போச்சு. கிராஃபைட் தூள் போடணும். அவசரத்துக்குப் பென்சில் முனையைச் சுரண்டி அந்தப் பொடியில் சாவிப் பல்லைப் புரட்டிப் போட்டாலும் வேலை செய்யும். டூப்ளிகேட் அடிக்கும்போது மூலச் சாவியைத்தான் கொடுக்கணும். டூப்ளிகேட்டைப் பார்த்து அடிச்ச டூப்ளிகேட்டில் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும்.

வேளச்சேரி

2015, 2023 டிசம்பர் வெள்ளம் மாதிரி தண்ணீர் புகுந்த லாக்கருக்கு ஒரு எச்சரிக்கை. பலகை ஈரமாக இருக்கும்போது புதுச் செல் போட்டால் சர்க்யூட் அரித்துப்போகும். எண் இல்லாமலே திறக்கிற எமர்ஜென்சி சாவியால் திறங்க. நனைந்த பத்திரங்களைத் தாள் தாளாகப் பிரித்தால் கிழியும். உடனே உலர்த்த வழியில்லைன்னா பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃப்ரீசரில் வையுங்க, பூஞ்சை பிடிக்காது.

பாரிமுனை, பூட்டு வேலை

எமர்ஜென்சி சாவித் துளை பட்டன் பலகையிலோ நிறுவன முத்திரைக்குப் பின்னாலோ ஒளிந்திருக்கும், பிளாஸ்டிக் மூடியை மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் தெரியும். சாவி ஊசியைத்தான் விலக்கும், தாழ்ப்பாளை இழுக்காது. ஒரு கையால் சாவியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டே மறு கையால் குமிழைத் திருகணும். அந்தச் சாவியை லாக்கருக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தால், பில்லும் கதவில் இருக்கிற சீரியல் எண்ணும் அடையாள அட்டையும் எடுத்துக்கிட்டு முதலில் கம்பெனி சர்வீஸுக்குப் போங்க. இதெல்லாம் கேட்காமல் திறந்து தர்றேன்னு வருகிறவரை வீட்டுக்குள் விடாதீங்க. ட்ரில் கடைசி வழி, அதையும் அந்த மாடல் தெரிந்தவர்தான் போடணும். கிரைண்டர் வேண்டவே வேண்டாம், பொறி உள்ளே விழுந்தால் காகிதம் கருகும்.

இறந்தவரின் லாக்கர்னா வாரிசுகள் எல்லாரும் முன்னிலையில் திறந்து, வீடியோ எடுத்து, உள்ளே இருப்பதைப் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கிடுங்க.

திறந்ததும் உடனே மூடாதீங்க. கதவு திறந்தபடியே எண்ணைப் போட்டு, தாழ்ப்பாள் வெளியே வந்து உள்ளே போகுதான்னு மூணு தடவை பாருங்க, எமர்ஜென்சி சாவியாலும் ஒரு தடவை. புது எண் வைக்கும் போதும், செல் மாத்தும் போதும் இதேதான்.