மறு: பள்ளிக்கூடத்து இரண்டாம் தாங்கியும் 'அம்மா' பேரும்

செயலாளர், ஹரோ:

வெளிநாடுகளில இருக்கிற எங்கட திருகோணமலை ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

பள்ளிக்கூடத்துக்கு இரண்டாவது மழைநீர்த் தாங்கி கட்டுற அலுவலை இனியும் இழுத்தடிக்க ஏலாது. ஆனி, ஆடியில கிணறு உவர்க்கிறதும், தண்ணி கொண்டுவாற பவுசர் வராத நாளில பிள்ளைகள் வெறும் போத்தலோட திரியிறதும் புதுக்கதை இல்லை. செலவு 4,80,000 ரூபாய். பாதியை லண்டன் ஹேய்ஸில இருக்கிற அண்ணை தாறன் எண்டிட்டார். அவர் கேக்கிறது ஒண்டுதான். தாங்கிக்கு ஜெயலலிதா அம்மாவின்ர பேர் வைக்கவேணும், அவ காலமான டிசெம்பர் 5-ல திறக்கவேணும். தமிழ்நாட்டில வீட்டுக்கு வீடு மழைநீர் சேமிப்பைக் கொண்டுவந்தவ அவதானே, பொருத்தமாயும் கிடக்கு. மிச்சப் பாதிக்குக் குடும்பத்துக்கு 40 பிரித்தானியப் பவுண். இந்தக் கிழமைக்குள்ள தெரியப்படுத்துங்கோ.

முன்னாள் பொருளாளர், மெல்பேண்:

தம்பி, முதல் தாங்கியின் கணக்கு இன்னும் மூடப்படவில்லை. மூடாமல் அடுத்ததுக்குக் கை நீட்டுவது முறையல்ல.

5,000 லீற்றர் பெரோசீமெந்துத் தாங்கி, அதாவது கம்பிவலையில் கலவை பூசிக் கட்டுவது. சுவரும் மூடியும் சேர்த்து ஏறத்தாழ 14 சதுர மீற்றர், தடிப்பு 4 சென்ரிமீற்றர். அடித்தட்டு 3 சதுர மீற்றர், அது 10 சென்ரிமீற்றர். ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் கலவைக்கு 9 பை சீமெந்து. கொட்டினது சிந்தினது சேர்த்தால் 10. பற்றுச்சீட்டில் 26 பை இருக்கிறது. மிச்சம் 16 எங்கே?

பேர் வைப்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. சொத்துக்குவிப்பு வழக்கில் 2014 செப்ரெம்பரில் நாலு வருசச் சிறையும் 100 கோடி அபராதமும் விதிக்கப்பட்டு, 2015 மேயில் விடுதலையாகி, 2017 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் முதல் தீர்ப்பே சரி என்றபோது உயிரோடு இல்லாத ஒருவரின் பேர், கணக்குக் காட்டாத தாங்கிக்கு எடுப்பாகத்தான் இருக்கும்.

ஸ்காபரோ அக்கா:

16 பையைத் தேடி மெல்பேணில இருந்து கிணறு தோண்டவேண்டாம் அண்ணை. பெரியம்மாவின்ர மகள் போன கிழமை ஊருக்குப் போனவ, படம் அனுப்பியிருக்கிறா, இணைச்சிருக்கிறன். தாங்கிக்கு முன்னால நிக்கிற கல்வெட்டுப் பீடத்தைப் பாருங்கோ, மூண்டு படிக்கட்டு வைச்சு. அதுதான் உங்கட 16 பை. அதில ஒரு கீறல் இல்லை.

தாங்கியில இருக்கு. வயித்தில செம்மஞ்சளாய்க் கோடு கோடாய் இறங்குது. கூரைத் தண்ணியைத் தாங்கிக்குக் கொண்டுபோற பீலி முன்பக்கக் கூரைக்கு மட்டும்தான், அதுவும் நடுவில தொங்குது. குழாயைத் திறந்தால் தண்ணி தேத்தண்ணி நிறம். பிள்ளைகள் கை கழுவக்கூட மாட்டினமாம். இதைக் கேட்டால் "அது நல்லாத்தான் இருக்கு" எண்டு ஒரு பதில் வரும், அதை எழுதப்போறது ஆரெண்டும் எனக்குத் தெரியும்.

பிரம்ரன், கனடா:

தாங்கி ஒழுகினால் அடைக்கலாம். பேர் விழுந்தால் அழிக்கேலாது. எங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வேற நாட்டு முதலமைச்சர் பேர் ஏன்? ஊரில ஆள் இல்லாமல் போச்சா? தலைவர் பிரபாகரனைப் பிடிச்சு இந்தியாவிட்டத் தரவேணும் எண்டு 2002 ஏப்ரலில சட்டசபையில தீர்மானம் போட்டது ஆர்? ஹேய்ஸ்காரருக்கு எம்.ஜி.ஆர். காலத்துப் பாசம், அவர் தன்ர வீட்டுத் தண்ணித் தாங்கிக்கு வைக்கட்டும்.

வளசரவாக்கம், சென்னை:

பிரம்ரன் மச்சானுக்கு,

2002-ஐச் சொன்னனீங்கள், சரி. 2011-ஐயும் சொல்லவேணும். பதவிக்கு வந்த கையோட ஜூன் மாசம், இலங்கைக்குப் பொருளாதாரத் தடை போடு எண்டு இந்திய அரசைக் கேட்டுச் சட்டசபையில தீர்மானம். 2013-ல, இலங்கை ஆட்டக்காரர் இருந்தால் சென்னையில ஐ.பி.எல். ஆட்டம் நடக்காது எண்டது. 2014 பெப்ரவரியில ராஜீவ் கொலை வழக்குக் கைதிகள் ஏழு பேரை விடுவிக்கிறதுக்கு மந்திரிசபை முடிவு.

அதெல்லாம் அரசியல், விடுங்கோ. தமிழ்நாட்டு அகதி முகாம்காரருக்கு விளங்குற கணக்கு வேற. 2011-ல குடும்பத் தலைவருக்கு மாசம் 400 ரூபாயாய் இருந்த உதவிப்பணம் 1,000 ஆச்சு. மற்றப் பெரியாக்களுக்கு 288, அது 750. பன்னிரண்டு வயசுக்குக் கீழ பிள்ளைகளுக்கு 180, அது 400. முகாமில இருந்த வயசானவைக்கு உள்ளூர்ச் சனத்துக்குக் குடுக்கிற முதியோர் பணம் 1,000-மும் வந்தது. திருகோணமலையில இருந்து வள்ளம் ஏறி மண்டபம் முகாமில இறங்கின சனம் எத்தினை எண்டு இந்தக் குழுவில ஒருத்தரும் எண்ணிப் பாத்ததில்லை. 288 ரூபாயில மாசம் ஓட்டினவையிட்ட வந்து மானம் கதைக்கிறது லேசு. அந்த நேரம் பிரம்ரனில இருந்து எத்தினை டொலர் மண்டபத்துக்கு வந்தது எண்டதையும் முன்னாள் பொருளாளர் தேடித் தரட்டும்.

ஆசிரியர், பாரிஸ்:

பிள்ளைகள், சண்டை பிடியுங்கள். ஆனால் தகவலோடு பிடியுங்கள். தனிமடலில் ஒருவர் அனுப்பியிருக்கும் கல்வெட்டு வாசகத்தில் "நடிகையாக இருந்து தமிழ்நாட்டின் முதலமைச்சரான முதல் பெண்" என்று இருக்கிறது. அது பிழை. அந்த இடம் வி.என். ஜானகிக்கு உரியது. எம்.ஜி.ஆர். 1987 டிசெம்பர் 24-ல் மறைந்தார். 1988 ஜனவரியில் ஜானகி 24 நாள் முதலமைச்சராக இருந்தார். கட்சி உடைந்து, 1989 தேர்தலில் ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. ஆண்டிப்பட்டியில் ஜானகி தோற்றார். போடிநாயக்கனூரில் ஜெயலலிதா வென்று எதிர்க்கட்சித் தலைவரானார், தமிழ்நாட்டில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். ஜானகி ஒதுங்கிக்கொண்ட பிறகுதான் அணிகள் சேர்ந்து இரட்டை இலை திரும்பியது.

ஜெயலலிதா பற்றிய மற்றவை: பிறப்பு 1948 பெப்ரவரி 24, மைசூர்ப் பக்கம் மேல்கோட்டை. தமிழில் முதல் படம் 1965. எம்.ஜி.ஆரோடு 28 படம். 1982-ல் கட்சி, 1983-ல் கொள்கை பரப்புச் செயலாளர், 1984-ல் மாநிலங்களவை, 1991-ல் முதலமைச்சர். ஓர் ஆண்டை மாற்றி வெட்டினாலும் கல் காலத்துக்கும் சிரிக்கும்.

திருகோணமலை நெல்சன் தியேட்டர் வாசலில் அந்த 28-இல் பாதிக்காவது வரிசையில் நின்றவர்கள் இந்தக் குழுவில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு 2002-உம் தெரியாது, 2011-உம் தெரியாது. கதாநாயகி ஆங்கிலம் பேசுவாள் என்பதுதான் தெரியும். ஹேய்ஸ் தம்பியின் பாசத்தை அந்த வரிசையில் வைத்துப் பாருங்கள், கொடியில் வைத்துப் பார்க்காதீர்கள்.

பேர்கன், நோர்வே:

படங்களைப் பெரிசாக்கிப் பாத்தன். நீளமாய் எழுதுறதுக்கு மன்னிக்கவேணும், ஆனால் இதைச் சரியாய்ப் பாக்காமல் இரண்டாவது கட்டினால் அதுவும் இப்பிடித்தான் ஆகும்.

முதல் அந்தச் செம்மஞ்சள் கோடு. அது கம்பிவலை துருப்பிடிக்கிறது. கடற்கரை மண்ணில கலவை போட்டிருக்கிறாங்கள், இல்லையெண்டால் கோடைக் கிணத்து உவர்த்தண்ணியில குழைச்சிருக்கிறாங்கள். உப்பு உள்ளுக்குப் போனால் கோழிக்கூட்டு வலை மாதிரி மெல்லிய கம்பி சில வருசமும் தாங்காது. மாவலி ஆத்து மணலும் பவுசர்த் தண்ணியும்தான் பாவிக்கவேணும். ரெண்டாவது, பூசினது வறண்ட கச்சான் காத்து அடிக்கிற மாசத்தில. வெளியில ஈரச்சாக்குச் சுத்தி, குறைஞ்சது பத்து நாள் காயவிடாமல் வைச்சிருக்கவேணும். மேசன் மற்ற நாளே அடுத்த வேலைக்குப் போயிருப்பார். அந்தக் காத்துக்கு ஒரு பின்னேரம் போதும், மயிர்க்கீறல் விழ. கோடு ரெண்டு மூண்டு இடத்தில மட்டுமெண்டால் கொத்தி எடுத்து, துருப்பிடிச்ச வலையை வெட்டி, புது வலை ஒரு சாண் மேவக் கட்டி, சீமெந்துப் பால் அடிச்சு, ஒண்டுக்கு ரெண்டு கலவையில பூசலாம். சுத்தி வர இருந்தால் கை வைக்கிறது வீண். தட்டிப் பாத்தால் தெரியும், உரிஞ்ச இடம் பொத்தெண்டு கேக்கும்.

தேத்தண்ணித் தண்ணிக்குக் காரணம் வேற. கூரை 60 அடிக்கு 24 அடி, 134 சதுர மீற்றர். ஒரு மில்லிமீற்றர் மழைக்கு 134 லீற்றர். நாலைஞ்சு மாசத் தூசி, காகப் பீ, வேப்பஞ்சருகு எல்லாம் முதல் மழையோட இறங்கும், அந்த முதல் மில்லிமீற்றரை வெளியில விடவேணும். படத்தில அதுக்கெண்டு நிக்கிறது மூண்டடி நீளத்தில நாலங்குலப் பைப். அது கொள்ளுறது ஏழு லீற்றர்! 134-க்கு ஏழு. அதுவும் அடியில மூடி இறுக்கிக் கிடக்கு, முதல் மழையில நிரம்பினது பிறகு காலியாகேல்லை, மற்ற மழை எல்லாம் நேரை தாங்கிக்குள்ளதான் போயிருக்கும். 200 லீற்றர் பிளாஸ்ரிக் பரல் ஒண்டு வைச்சு, அடியில ரெண்டு மில்லிமீற்றர் ஓட்டை போட்டால் தானே வடிஞ்சு அடுத்த மழைக்குத் தயாராய் நிக்கும். தாங்கி வாயிலயும் மிதமிஞ்சிப் போற பைப்பிலயும் நுளம்பு வலை கட்டாயம். 2017-ல கிண்ணியாவில டெங்கு செய்த வேலை மறந்திருக்காது.

பீலிக்கு வாட்டம் நூறுக்கு ஒண்டு. 60 அடிக்கு ஒரு முனையில இருந்து மற்ற முனைக்கு ஏழங்குலம் இறங்கவேணும். கொக்கி ரெண்டடிக்கு ஒண்டு. இங்க ஆறடிக்கு ஒண்டு, அதுதான் தொங்குது. பின்பக்கப் பீலி மாரிக்குத் தேவையில்லை எண்டுதான் சொல்லுவன். சிந்திறது காயிறது போக நூறுக்கு எண்பதுதான் தாங்கிக்கு வரும் எண்டு பாத்தாலும், பாதிக் கூரையிலயே 93 மில்லிமீற்றருக்குத் தாங்கி நிரம்பும், வாடைக்காலத்தில அது நாலைஞ்சு நாள் மழை. ஆனால் சித்திரையிலயும் புரட்டாதியிலயும் ஒரு மழை ரெண்டு மழைதான் கிடைக்கும். 25 மில்லிமீற்றர் பெய்தால் ஒரு பக்கப் பீலிக்கு 1,340 லீற்றர், ரெண்டு பக்கத்துக்கும் 2,680. கோடையில இந்த வித்தியாசம்தான் உயிர்.

இனி அளவு. 180 பிள்ளை, ஆளுக்கு நாளுக்கு ஒரு லீற்றர், உவர்க்காலத்தில பள்ளிக்கூட நாள் ஒரு 90. மொத்தம் 16,200 லீற்றர். 5,000 காணுறது 27 நாளுக்கு. இரண்டாவது கட்டினாலும் 55. ஆகவே இரண்டாவது தேவைதான், செயலாளர் சொல்லுறது பிழையில்லை. ஆனால் தை கடைசியில நிரம்பின தாங்கியின்ர குழாயைப் பூட்டி, வைகாசி வரைக்கும் கிணத்தில குடிக்கவேணும். பெப்ரவரியில கை கழுவத் திறந்துவிட்டால் எத்தினை தாங்கி கட்டினாலும் ஆனியில வெறும் தாங்கி. மூடி இறுக்கமாய் இருந்தால், வெளிச்சம் படாமல் இருந்தால், தண்ணி மாசக்கணக்கில கெடாது. முழுக்க வத்தவும் விடக்கூடாது, அடியில அரையடி நிக்கவேணும், காய்ஞ்ச தாங்கி வெடிக்கும்.

இப்ப அம்மாவின்ர விசயம். அவ செய்தது தாங்கி இல்லை. இதை ஒருத்தரும் கவனிக்கேல்லை. 2003-ல சென்னை வறண்டு கிடந்த நேரம் வந்த சட்டம், எல்லாக் கட்டடத்திலயும் மழைநீரை நிலத்துக்குள்ள இறக்கவேணும் எண்டது. செய்யாத வீட்டுக்குத் தண்ணி இணைப்பை வெட்டலாம், இல்லாட்டி மாநகராட்சியே கட்டிப்போட்டுச் செலவை வரியோட அறவிடலாம். அதுதான் வேலை செய்தது. ஒருத்தரையும் கெஞ்சேல்லை. உணவகத்துக்கும் போத்தல் தண்ணிக்கும் அம்மா பேர் ஒட்டினவை, மண்ணுக்குள்ள கிடக்கிற குழியில படம் ஒட்ட இடமில்லை. பிறகு பழுதானதும் உண்மை. சட்டத்துக்குப் பயந்து கட்டினவை மணலை மாத்தேல்லை, சேறு அடைச்சு எத்தினையோ குழி செத்துப்போச்சு.

மழையை நிலத்துக்குள்ள இறக்கிற அந்தப் பாதி எங்களுக்கும் வேணும். நாலு மாச மாரியில மழை ஆயிரம் மில்லிமீற்றரை ஒட்டி. முழுக்கூரைக்கு ஒரு லட்சம் லீற்றருக்கு மேல. தாங்கி பிடிக்கிறது ஐயாயிரம், மிச்சம் முத்தத்தால றோட்டுக்கு ஓடுது. தாங்கி நிரம்பி வழியிற பைப்பைக் கிணத்தடிக்குக் கொண்டுபோய் மூண்டுக்கு மூண்டு, ஆழம் நாலடியில ஒரு குழி வெட்டுங்கோ. அடியில ஒரு அடி கருங்கல், அதுக்கு மேல ஒரு அடி முக்கால் அங்குலச் சல்லி, நைலோன் வலை விரிச்சு ஒரு அடி ஆத்து மணல், மேல ஒரு அடி வெறுமை. கல்லுக்குள்ள இருந்து பைப் கிணத்துக்கு. ஒவ்வொரு புரட்டாதியும் மேல் ரெண்டங்குல மணலை வழிச்சு எறிஞ்சு புது மணல் போடவேணும். எங்கட கரையில நன்னீர் உவரில மிதந்துகொண்டு நிக்குது, கடல்மட்டத்துக்கு மேல ஒரு அடி நிண்டால் கீழ நாப்பது அடி உவரைத் தள்ளிப் பிடிக்கும். அதாலதான் மோட்டர் போட்டு ஒரேயடியாய் இறைச்ச கிணறெல்லாம் கெட்டது. பள்ளிக்கூடக் கிணத்தில இருக்கிற மோட்டரையும் கழட்டச் சொல்லுங்கோ. அதைப் பூட்டக் காசு குடுத்தது ஆரெண்டு நான் எழுதேல்லை.

ஹரோ, செயலாளர்:

பேர்கன் அண்ணை, நன்றி. குழியை மதிப்பீட்டில சேர்க்கிறன். மேசனிட்டக் கேட்டால், "அது நல்லாத்தான் இருக்கு" எண்டுறார். பேர் விசயம் ஹேய்ஸ் அண்ணையோட கதைச்சனான். குழிக்கு வைக்கிறதெண்டால் காசில்லையாம், தாங்கிக்கு எண்டால்தானாம்.

முன்னாள் பொருளாளர், மெல்பேண்:

பேர்கன் எழுதியதை வைத்துக்கொண்டு படத்தில் கொக்கியை எண்ணினேன். 11. பற்றுச்சீட்டில் 31. பீடத்துக்குக் கொக்கி தேவைப்பட்டிருக்காது என்று நினைக்கிறேன். அந்த 20-க்கும் பதில் வரும் வரை என் 40 பவுண் என்னிடமே இருக்கும்.