மறு: டிஃப்யூஷன்: விரவலா, பரவலா? (வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது)

பாளையங்கோட்டை, திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம். எங்கள் கல்லூரி அறிவியல் மன்றம் பிளஸ் டூ பிள்ளைகளுக்காக ஒரு சிறு நூல் போடுகிறது. இயற்பியல், அண்டவியல், மருத்துவப் படிமவியல், மக்கள்தொகை மரபியல் என்று நாலு கட்டுரை, நாலு பேர் எழுதியது. நாலிலும் அடியில் ஓடுவது ஒரே சமன்பாடு என்று காட்டத்தான் இந்த நூலே. டிஃப்யூஷன் சமன்பாடு, அதாவது செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு ஒன்று தானாக நகர்வதன் கணக்கு. 1855இல் ஃபிக் எழுதியதுதான் அது. 1905இல் ஐன்ஸ்டைன் அதைப் பிரௌனியன் இயக்கத்தோடு, அதாவது நீரில் மிதக்கும் நுண்துகள்களின் ஓயாத தள்ளாட்டத்தோடு, சேர்த்தார். 1955இல் கிமுரா அதே வகைச் சமன்பாட்டை மரபணு வகைகளின் விகிதம் தலைமுறைக்குத் தலைமுறை தற்செயலாக ஏறி இறங்குவதற்குப் போட்டுத் தீர்த்தார். 1968இல் ஜோசஃப் சில்க், ஆதி அண்டத்தின் ஒளித்துகள்கள் அடர்ந்த இடத்திலிருந்து நழுவி நழுவிச் சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்களை அழித்துவிட்டதைச் சொன்னார். எம்.ஆர்.ஐ. படத்திலும் இதேதான் நடக்கிறது.

ஆனால் கையெழுத்துப் படியில் ஒருவர் விரவல், ஒருவர் பரவல், ஒருவர் ஊடுருவல், ஒருவர் டிஃப்யூஷன் என்று போட்டிருக்கிறார்கள். ஒரே விஷயம் என்று பிள்ளைகளுக்கு எப்படிப் புரியும்? ஒரு சொல் வேண்டும். வெள்ளிக்கிழமை காலை அச்சகத்துக்குப் போகணும்.

வள்ளியூர், திங்கள் இரவு

சார், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பாடநூலில் விரவல்தான். கிரஹாமின் வாயு விரவல் விதி என்று பதினொன்றில் படித்துவிட்டு வருகிற பிள்ளையிடம் வேறு சொல்லைக் கொடுத்தால் பப்ளிக் பரீட்சையில் மார்க் போகும்.

அம்பாசமுத்திரம், செவ்வாய் அதிகாலை

டீச்சர் சொல்வது பரீட்சைக்குச் சரி. மொழிக்குச் சரியா?

விரவல் என்றால் கலத்தல். இரண்டு இருந்தால்தான் விரவ முடியும். தொல்காப்பியர் விரவுப்பெயர் என்கிறார். உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாக நிற்கும் பெயர் அது. சாத்தன் வந்தான், சாத்தன் வந்தது. மனிதனும் மாடும் ஒரே பெயருக்குள் நிற்பதால்தான் அது விரவு. தண்ணீருக்குள்ளேயே தண்ணீர் நகர்வதை விரவல் என்றால் எதனோடு எது விரவுகிறது?

பரவல்தான் நம் சொல். பர என்பது விரிவைக் குறிக்கும் வேர். பரப்பு, பரவை எல்லாம் அதிலிருந்து வந்தவை. பரவை என்றால் கடல். கொற்கைத் துறையை நினைத்துப் பாருங்கள். பரவுதலுக்குத் துதித்தல் என்றும் பொருள் உண்டு, தேவாரம் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாயிலிருந்து புறப்பட்ட புகழ் எட்டுத் திக்கும் விரிவதால் அப்படி ஆயிற்று என்பது என் துணிபு. திருவாரூர்ப் பரவையாரையும் இங்கே சேர்க்கலாம். இன்னும் ஒரு படி போனால், நம் தாமிரபரணியின் பரணியிலும் இந்தப் பர இருக்கிறது என்று ஐயுறுகிறேன். மலையிலிருந்து இறங்கிச் சமவெளியில் பரவுகிற ஆறல்லவா?

தூத்துக்குடி, செவ்வாய் காலை

அண்ணாச்சி, பரவை வரைக்கும் சரி. ஆற்றை விட்டுவிடுங்கள். தாம்ரபர்ணியில் இருப்பது பர்ணம், இலை. தமிழில் வேண்டுமென்றால் பொருநை என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஒரு தகவல்: இலங்கைப் பாடநூல்களில் டிஃப்யூஷனுக்குப் பரவல் என்றே இருக்கிறது. நம் பக்கத்திலும் ஆஸ்மோசிஸ் மட்டும் சவ்வூடு பரவல். அதாவது சவ்வு இருந்தால் பரவும், சவ்வு இல்லாவிட்டால் விரவும். இது என்ன நியாயமோ தெரியவில்லை.

அம்பாசமுத்திரம், செவ்வாய் காலை

அசோகன் கல்வெட்டில் தம்பபண்ணி வருகிறது. அது ஆறா, இலங்கையா என்று தனி இழையில் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டை, செவ்வாய் காலை

தனி இழையிலேயே எழுதுங்கள் ஐயா. கும்பிட்டுக் கேட்கிறேன்.

சங்கரன்கோவில், செவ்வாய் மதியம்

கணக்கு வாத்தியாரின் புகார். பரவல் ஏற்கெனவே எங்களிடம் அடகில் இருக்கிறது. ஈருறுப்புப் பரவல், இயல்நிலைப் பரவல், நிகழ்தகவுப் பரவல் எல்லாம் டிஸ்ட்ரிப்யூஷன், அதாவது எந்த மதிப்பு எவ்வளவு வாய்ப்போடு வரும் என்கிற கணக்கு. மரபியல் கட்டுரையின் ஏழாம் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். கிமுரா செய்தது என்ன? டிஃப்யூஷன் சமன்பாட்டைத் தீர்த்து, மரபணு விகிதத்தின் டிஸ்ட்ரிப்யூஷன் காலத்தோடு எப்படி மாறும் என்று சொன்னார். உங்கள் சொல்லைப் போட்டால், "பரவல் சமன்பாட்டின்படி விகிதத்தின் பரவல் மேலும் பரவலாகிறது." இதைப் படித்து எந்தப் பிள்ளை பாஸாகும்?

அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று. ஒரு மரபணு வகை பரவுகிறது என்றால் ஊரில் எல்லாருக்கும் அது பெருகிவருகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். தற்செயல் நகர்வில் பாதி நேரம் நடப்பது எதிர்மாறு. N பேர் உள்ள ஊரில் புதிதாகத் தோன்றிய, நல்லதும் கெட்டதுமில்லாத ஒரு மரபணு வகை முழுதும் நிலைத்துவிடுகிற வாய்ப்பு 2Nஇல் ஒரு பங்குதான். மீதியெல்லாம் அழிவு. அழிவதைப் பரவல் என்பீர்களா? இங்கே பரவுவது மரபணு அல்ல, அது எந்த விகிதத்தில் இருக்கும் என்கிற நம் நிச்சயமின்மை.

தென்காசி, செவ்வாய் இரவு

நான் ஸ்கேன் அறையில் வேலை பார்க்கிறவன், இலக்கணம் தெரியாது. இருந்தாலும் பரவல் வேண்டவே வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

திடீரென்று கை கால் வரவில்லை என்று ஒருவரைத் தூக்கிவருகிறார்கள். அந்த நேரத்தில் சி.டி. பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். எம்.ஆர்.ஐ.யில் டிஃப்யூஷன் படம் எடுத்தால் ரத்தம் தடைப்பட்ட இடம் பளிச்சென்று வெள்ளையாக நிற்கும். ரத்தம் வராத செல்லுக்குள் தண்ணீர் புகுந்து செல் வீங்குகிறது, இடைச்சந்து குறுகுகிறது, தண்ணீர் மூலக்கூறு முன்போல நகர முடிவதில்லை. நாங்கள் முதலில் ஒரு காந்தச் சரிவை, அதாவது இடத்துக்கு இடம் வலிமை மாறும் காந்தப்புலத்தை, கொடுத்து அடையாளம் போடுவோம், அடுத்த சரிவில் அதை அழிப்போம். இடையில் நகர்ந்த மூலக்கூறுக்கு அழிப்பு சரியாகப் பொருந்தாது, சிக்னல் மங்கும். நகராத இடம் மங்காது. அந்தச் சில பத்து மில்லிசெகண்டில் மூளைத் தண்ணீர் நகர்வது சுமார் 10 மைக்ரோமீட்டர். அதைத்தான் நாங்கள் படமாகப் பார்க்கிறோம்.

இப்போது வெளியே பெஞ்சில் இருக்கிற மகளிடம் "மூளையில் பரவல் தெரிகிறது" என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பிள்ளை அங்கேயே உட்கார்ந்து அழும். ஆஸ்பத்திரியில் பரவல் என்றால் புற்றுநோய், இல்லையென்றால் தொற்று. இதில் கொடுமை, எங்கள் ரிப்போர்ட்டில் கெட்ட சேதியே டிஃப்யூஷன் குறைந்திருக்கிறது என்பதுதான். "பரவல் குறைந்திருக்கிறது" என்று எழுதினால் சாமிக்குத் தேங்காய் உடைக்கப் போய்விடுவார்கள்.

வள்ளியூர், செவ்வாய் இரவு

இதற்கு மேல் பரவலுக்கு ஆதரவு கேட்பது பாவம். விரவல்.

தூத்துக்குடி, புதன் காலை

படர்தல்? கொடி படர்வது மாதிரி.

தென்காசி, புதன் காலை

படர்தாமரை ஞாபகம் வருது அண்ணே. தோல் டாக்டரிடம்தான் அனுப்பணும்.

அம்பாசமுத்திரம், புதன் காலை

தென்காசித் தம்பியின் வாதத்தை ஏற்கிறேன். ஆனால் விரவல் மேல் நான் சொன்ன குறைக்கு யாரும் பதில் சொல்லவில்லை. தண்ணீருக்குள் தண்ணீர் எப்படி விரவும்? புதிதாக ஒன்று சொல்கிறேன்: உலவல். இலக்கில்லாமல் திரிவது. தண்ணீர் உலவுகிறது, ஒளி உலவுகிறது, விகிதமும் உலவுகிறது. நாலு துறைக்கும் பொருந்தும். தமிழ்நாட்டுக்காரன் மாலையில் செய்கிற காரியம்தானே!

சங்கரன்கோவில், புதன் மதியம்

அழகான சொல் ஐயா. ஆனால் அது ஒற்றை மூலக்கூறின் கதை. ரேண்டம் வாக் என்பதற்கு அதை வைத்துக்கொள்ளலாம். டிஃப்யூஷன் கூட்டத்தின் கதை. தனித்தனியே ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று தெரியாது. கூட்டம் மட்டும் செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நகரும். இரண்டு மடங்கு தூரம் போக நாலு மடங்கு நேரம் என்கிற கணக்கு உலவலிலிருந்துதான் வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காரணத்துக்கும் விளைவுக்கும் ஒரே பெயர் வைத்தால் இரண்டாம் கட்டுரை நொண்டும்.

அப்புறம், விரவலுக்கு இரண்டு வேண்டும் என்றீர்கள். அடையாளம் போட்ட தண்ணீர், போடாத தண்ணீர் என்று இரண்டு இருக்கிறதே? இங்கே இருந்தது அங்கே இருந்ததோடு கலக்கிறது.

அம்பாசமுத்திரம், புதன் மதியம்

சாத்தனுக்குக் கொம்பு வைக்கிறீர்.

தூத்துக்குடி, புதன் இரவு

பெருங்குளத்துக்காரர் பெ. நா. அப்புசாமி அறிவியலைத் தமிழில் எழுதிய காலத்தில் இந்தக் குழு இருந்திருந்தால் அவர் முதல் கட்டுரையே முடித்திருக்க மாட்டார்.

பாளையங்கோட்டை, வியாழன் காலை

எண்ணிப் பார்த்ததில் விரவலுக்கு மூன்று, உலவலுக்கு ஒன்று, தென்காசியார் எதற்கும் இல்லை. எனக்கும் விரவலில் முழு மனம் இல்லை, ஆனால் அச்சகம் காத்திருக்காது. முடிவு: நாலு கட்டுரையிலும் விரவல். ஒவ்வொன்றிலும் முதன்முறை வரும்போது பக்கத்திலேயே டிஃப்யூஷன் என்றும் தமிழெழுத்தில் இருக்கும். ஒளித்துகளின் தடுமாற்ற நடைக்கு உலவல், அம்பை ஐயா உபயம். டிஸ்ட்ரிப்யூஷன் மட்டும் பரவல்.

தென்காசி, வியாழன் மதியம்

செய்யுங்கள் சார். நான் அறையில் டிஃப்யூஷன் என்றேதான் சொல்வேன், டாக்டரும் அப்படித்தான், நோயாளியின் மகளும் ரெண்டாம் நாளிலிருந்து அப்படித்தான். ஒரே ஒரு திருத்தம்: படத்தின் கீழே "விரவல் மிகுந்த பகுதி வெள்ளையாகத் தெரிகிறது" என்று போட்டிருக்கிறீர்கள். தலைகீழ். தடைப்பட்ட பகுதிதான் வெள்ளை. சொல் எதுவாக இருந்தாலும் இதை மாற்றாமல் அனுப்பாதீர்கள்.

அம்பாசமுத்திரம், வியாழன் மதியம்

தடைப்பட்ட அல்ல, தடையுற்ற. படுதலில் பிறிதொன்றின் செயல் தொனிக்கிறது. விரவலுக்கு என் எதிர்ப்பு நிற்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளவும்.

பாளையங்கோட்டை, வியாழன் மாலை

படக்குறிப்பு திருத்தியாயிற்று. தடைப்பட்ட என்றே போட்டிருக்கிறேன். இந்த இழையை மூடுகிறேன்.

அம்பாசமுத்திரம், வியாழன் இரவு

மூடுவதற்கு முன், முன்னுரையில் "சமன்பாடு" என்ற சொல் பற்றி ஒன்று.