நவஹோ, அலாஸ்கா பக்கம் பழகியவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

ராம்நாட்டுக்காரன், சாண்ட்லர் (அரிசோனா)

நானே ஆரம்பிக்கிறேன். 2018 ஜூன். பேஜ் ஊரில் ஆன்டிலோப் கேன்யன் பார்த்துவிட்டு, நவஹோ பூர்வகுடி மக்களின் நிலம் வழியாக 98-ஆம் நம்பர் ரோட்டில் மான்யுமென்ட் வேலி நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். கைபெட்டோ தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின் டயர் போய்விட்டது. ஸ்டெப்னியை இறக்கினால் அதிலும் காற்றில்லை. போனில் சிக்னல் இல்லை. அரை மணி நேரம் கழித்து ஒரு பழைய பிக்கப் வந்து நின்றது. பின்னால் இரும்புக் கூண்டுக்குள் வெள்ளை பிளாஸ்டிக் டேங்க். 275 கேலன், நம்மூர் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் அளவு. ஓட்டி வந்தவருக்கு எழுபது வயது இருக்கும், பக்கத்தில் பேரன். "வீட்டுல காத்தடிக்கிற பம்ப் இருக்கு, ஏறு" என்றார். மனைவியைக் காரில் விட்டுவிட்டு, ஸ்டெப்னியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

தார் ரோட்டை விட்டு இறங்கியதும் மண் பாதை. டேங்க் முக்கால்தான் நிரம்பியிருந்தது. முழுசாக நிரப்பினால் ஒரு டன் கனம், வண்டி தாங்காது என்றார். வீடு என்றால் கிழக்கே வாசல் வைத்த ஹோகன் என்ற எண்கோண மரபு வீடு ஒன்று, பக்கத்தில் ஒரு டிரெய்லர், வரிசையாக நீல டிரம்கள். பேரன் ஒரு ஹோஸைச் செருகி டேங்கிலிருந்து டிரம்முக்குத் தண்ணீரை இறக்கினான். கடைசி டிரம் நிரம்பியதும் ஹோஸை மடக்கி, கைக்குக் கை தூக்கி, உள்ளே நின்ற தண்ணீரை ஆடு காக்கும் நாயின் தட்டில் வடித்தான். ஒரு சொட்டு மண்ணில் விழவில்லை. தள்ளுவண்டியில் எட்டுக் குடம் கட்டி இழுத்து வளர்ந்தவன் நான். அந்தக் கை எப்படிப் பழகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். பாட்டி என் மகளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினார். எனக்கும் நீட்டியபோது தாகம் இல்லை என்று பொய் சொன்னேன். அவர் முகம் மாறியது. வாங்கிக் குடித்திருக்க வேண்டும் என்று இப்போதும் தோன்றுகிறது.

ஆறு பேருக்கு அந்த டேங்க் ஒரு வாரம் வருமாம். ஆடுகளுக்குத் தனி நடை. முன்பெல்லாம் குட்டைகளில் வைகாசி, ஆனி வரை தண்ணீர் நிற்கும், இப்போது பனியே சரியாக விழுவதில்லை என்றார் பெரியவர். அந்த மே மாதம்தான் கிரே மவுன்டன் பக்கம் வற்றிய குட்டைச் சேற்றில் சிக்கி 191 குதிரைகள் செத்துக் கிடந்தன. அதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார், பேரன் காதில் விழக்கூடாது என்பது போல.

காற்றடித்துக்கொண்டிருந்தபோது தூரத்தில் ரயில் போனது. நிலக்கரி ரயில், மின்சார ரயில். தலைக்கு மேல் கம்பி ஓடுகிறது. இந்த வீட்டுக்குக் கம்பி இல்லை, ராத்திரிக்கு லாந்தரும் சின்ன ஜெனரேட்டரும்தான். அது எங்கே போகிறது என்று மகள் கேட்டாள். "உங்க ஊருக்குத்தான்" என்று சிரித்தார்.

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் நிஜம் என்று தெரிந்தது. கயென்டா சுரங்கத்து நிலக்கரி அந்த ரயிலில் பேஜ் பக்கத்து நவஹோ அனல் மின் நிலையத்துக்குப் போகும். 2,250 மெகாவாட். அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு, கொலராடோ ஆற்றுத் தண்ணீரை 336 மைல் கால்வாயில் மேட்டுக்கு ஏற்றி ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் தள்ளுவதற்கு. சாண்ட்லரில் என் வீட்டுக் குழாயில் வருவதிலும் அந்தத் தண்ணீர் கலந்திருக்கிறது. நிலக்கரி அவர்களுடைய நிலத்தில் வெட்டியது, ரயில் அவர்கள் வாசல் வழியாகப் போனது, தண்ணீர் மட்டும் என் வீட்டில் கொட்டியது. 2019-இல் மின் நிலையத்தை மூடிவிட்டார்கள். கரி போனது நல்லதுதான், ஆனால் அதோடு அங்கே இருந்த நல்ல சம்பள வேலைகளும் போயின. பக்கத்து நிலத்து ஹோப்பி என்ற இன்னொரு பூர்வகுடி அரசுக்கு அதுவரை வருமானத்தில் பெரும்பங்கே அந்த நிலக்கரியாகத்தான் இருந்தது.

இன்னொன்று. அந்தப் பகுதியில் 1966 முதல் 2009 வரை கட்டுமானத் தடை இருந்திருக்கிறது. நவஹோ, ஹோப்பி எல்லைத் தகராறுக்காக வாஷிங்டன் போட்ட தடை. சுமார் 15 லட்சம் ஏக்கரில் கூரை ஒட்டுவதென்றாலும் அனுமதி வேண்டும். 43 வருஷம்! ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து பேரன் எடுத்துவிடும். "ஏன் அங்கே இன்னும் குழாய் போகவில்லை" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் பதில் இதுதான். இன்றைக்கும் நவஹோ தேசத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு வீட்டில் குழாய்த் தண்ணீர் இல்லை. 1868 ஒப்பந்தப்படி எங்களுக்கு என்ன தண்ணீர் உரிமை என்று அரசு கணக்கெடுத்தாவது சொல்லட்டும் என்று கேட்டு வழக்குப் போட்டார்கள். 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று தள்ளிவிட்டது. அதற்குப் பிறகு 2024-இல் நவஹோ, ஹோப்பி, சான் ஹுவான் சதர்ன் பையூட் மூன்று பூர்வகுடி அரசுகளும் ஒரு தண்ணீர் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டன, 500 கோடி டாலர். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் அப்போது நிறைவேறவில்லை, 2025-இல் மறுபடி முதலிலிருந்து தாக்கல்.

கிளம்பும்போது பெரியவர் தன் குலத்தைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டார். கசப்பு நீர்க் குலமாம். நீர்கள் கூடும் குலம் என்றும் ஒன்று உண்டாம். உன் குலம் என்ன என்று கேட்டார். நான் ஊர்ப் பெயரைச் சொல்லித் தப்பித்தேன்.

கருவாட்டுக்காரி, ஆங்கரேஜ்

அண்ணா, அந்த ஹோஸ் விஷயம் படிச்சதும் எழுதாம இருக்க முடியல. 2025 அக்டோபர்ல ஹாலோங் சூறாவளியோட மிச்சம் மேற்கு அலாஸ்காவை அடிச்சதுல்ல, அப்போ கிப்நக், க்விகில்லிங்கோக்னு யூபிக் பூர்வகுடி ஜனங்களோட ரெண்டு ஊர் மூழ்கிடுச்சு. வீடுகள் ஆளுங்களோட மிதந்து போயிருக்கு. ஆயிரத்துக்கு மேல ஜனங்க ஊரை விட்டு வர வேண்டியதாச்சு, நிறைய பேரை ராணுவ விமானத்துல இங்க கொண்டு வந்தாங்க. சுமார் 500 மைல். பல்கலைக்கழகத்து விளையாட்டு அரங்கத்துல கட்டில் போட்டிருந்தாங்க. நான் துணி பிரிச்சு அடுக்கப் போனேன்.

ஒரு பாட்டி எனக்கு வேலை வெச்சாங்க. எந்த ஜாக்கெட் காட்டினாலும் வேணாம்னுட்டாங்க. அவங்க பேசினதெல்லாம் ஃப்ரீசரைப் பத்திதான். வீடு போனதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. மூஸ்ங்கற பெரிய மானோட கறி, சீல் எண்ணெய், சால்மன், பொறுக்கி வெச்ச பெர்ரி, ஒரு குளிர்காலத்துச் சாப்பாடு மொத்தமும் அதுலதான். நாம ஃப்ரீசர்னா மிச்ச மாவு வைக்கிற இடம்னு நினைக்கிறோம். அவங்களுக்கு அது நெல் குதிர். கடையில வாங்கலாமேன்னா, அந்த ஊருங்களுக்கு ரோடே கிடையாது, எல்லாம் குட்டி விமானத்துலயும் கோடையில வர்ற பார்ஜ்ங்கற சரக்குப் படகுலயும்தான். விலையை யோசிச்சுக்கோங்க.

மூணாவது நாள் சோத்துக்கு பீட்ஸாவும் பாஸ்தாவும் வந்துச்சு, பாட்டி தொடல. யாரோ உறவுக்காரங்க பையில எடுத்துட்டு வந்ததைப் பிச்சு எனக்கும் ஒரு துண்டு கொடுத்தாங்க. சால்மன் கருவாடு. புகை வாடை, ஓரத்துல எண்ணெய் மினுமினுப்பு, உப்பு நம்மளதைவிடக் கம்மி. நான் தூத்துக்குடிக்காரி, கருவாட்டுல தீர்ப்பு சொல்ற தகுதி எனக்கு இருக்கு. நல்ல கருவாடு. "குயானா"ன்னேன், நன்றின்னு அர்த்தம். அதுக்கு அப்புறம்தான் ஜாக்கெட் வாங்கிக்கிட்டாங்க.

அந்தக் கருவாடும் இனி சுலபமில்ல. யூகான் ஆத்துல சினூக் சால்மன் அவ்வளவு குறைஞ்சுடுச்சுன்னு 2024-ல அலாஸ்கா மாநிலமும் கனடாவும் சேர்ந்து ஏழு வருஷத்துக்குப் பிடிக்கறதையே நிறுத்திட்டாங்க. மீன் குறைய தண்ணி சூடாகறது முக்கியக் காரணம்னு சொல்றாங்க. ஆனா கடல்ல பொல்லாக்ங்கற மீனைப் பிடிக்கிற பெரிய கப்பல் வலையில சால்மனும் மாட்டிச் சாகுது, அதை நிறுத்தல, ஆத்துல ஒரு வலை போடற எங்களைத்தான் நிறுத்தினாங்கன்னு அங்க எல்லாருக்கும் ஆத்திரம்.

கிப்நக் ஆத்தங்கரை அரிக்காம இருக்க 2 கோடி டாலர் மத்திய அரசு ஒதுக்கியிருந்துச்சு. புயலுக்கு அஞ்சு மாசம் முன்னாடி, மே மாசம் அதை ரத்து பண்ணிட்டாங்க. நியாயமா ஒண்ணு சொல்லணும், பணம் வந்திருந்தாலும் அந்த அக்டோபருக்குள்ள கரை கட்டி முடிஞ்சிருக்காது. அதை வெச்சே "பார்த்தீங்களா, ரத்து பண்ணது தப்பில்ல"ன்னு பேசறவங்களைத்தான் தாங்க முடியல.

புதுசு, சியாட்டில்

தப்பா எடுத்துக்காதீங்க, நிஜமாவே தெரியாமல் கேட்கிறேன். இவ்வளவு கஷ்டம் என்றால் நகரத்துக்கு வந்துவிட வேண்டியதுதானே? முந்நூறு, எழுநூறு பேர் இருக்கிற ஊருக்கு எவ்வளவுதான் செலவு செய்ய முடியும்?

கருவாட்டுக்காரி, ஆங்கரேஜ்

தம்பி, இதே கேள்வியை நானும் முதல் வருஷம் கேட்டிருக்கேன், வாங்கிக் கட்டிக்கிட்டேன். அவங்க அந்த இடத்துலயே உக்காந்திருந்த ஜனங்க இல்ல. மீனுக்கு ஒரு இடம், வேட்டைக்கு ஒரு இடம்னு பருவத்துக்குப் பருவம் மாறிட்டே இருந்தவங்க. பள்ளிக்கூடத்தைக் கட்டி, பிள்ளைங்க கட்டாயம் வரணும்னு சொல்லி ஒரே இடத்துல உக்கார வெச்சது அரசாங்கம். நியூடாக்னு ஒரு ஊர். பள்ளிக்கூடச் சாமானோட வந்த பார்ஜ் ஆத்துல அதுக்கு மேல போக முடியல, அதனால அங்கயே கட்டினாங்க. கீழ இருந்த உறைமண் இளகி, ஆறு அரிச்சு, ஊரே கரைய ஆரம்பிச்சுது. ஜனங்களே தேடிப்பிடிச்ச மாற்று இடம் ஒன்பது மைல் தள்ளி, மெர்டார்விக். 2003-ல காங்கிரஸ் நிலத்தை மாத்திக் கொடுத்துச்சு. முதல் குடும்பங்க குடி போனது 2019. மிச்சப் பேர் போய் முடிக்க 2024. ஒன்பது மைலுக்கு 21 வருஷம். அவங்க நகர மாட்டேன்னு யார் சொன்னா?

பனைமரம், ஹூஸ்டன்

லூசியானாவில் ஐல் டி ஜான் சார்ல்ஸ் என்ற தீவுக்கு ஒருமுறை வண்டியில் போனேன். இரண்டு பக்கமும் தண்ணீர் தொட்டுக்கொண்டிருக்கும் ஒற்றை ரோடு. 1955-இலிருந்து தீவில் 98 சதவீதம் தண்ணீருக்குள் போய்விட்டது. அங்கிருந்த பூர்வகுடி மக்கள் இடம் மாற 2016-இல் 4.8 கோடி டாலர் வந்து, 2022-இல்தான் புது ஊரில் வீடு. தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் புது இடம் எப்படி என்று கேட்டேன். "வீடு நல்லா இருக்கு. மீனுக்கு இங்கதான் வர்றேன்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ராம்நாட்டுக்காரன், சாண்ட்லர் (அரிசோனா)

தங்கச்சி, அந்தப் பாட்டி இப்போது எங்கே? நான் போன வாரம் தண்ணீர் பில்லை எடுத்துப் பார்த்தேன். நாலு பேருக்கு மாதம் 11,000 கேலன். அந்த வெள்ளை டேங்கை முழுசாக நிரப்பினால்கூட 40 நடை.

கருவாட்டுக்காரி, ஆங்கரேஜ்

அபார்ட்மென்ட் ஒண்ணு கொடுத்திருக்காங்க அண்ணா, மூணாவது மாடி. லிஃப்டை நம்ப மாட்டேங்கறாங்க. அவங்க பையன் ஒரு நடை ஊருக்குப் போய்ப் பார்த்துட்டு வந்தான். வீடு இருந்த இடத்துலேர்ந்து ரொம்ப தூரம் தள்ளி டண்ட்ரால ஒருக்களிச்சுக் கிடக்குதாம். ஃப்ரீசர் உள்ளயே இருந்துச்சாம். திறந்தா எல்லாத்துலயும் டீசல் வாடை. ஒரு பொட்டலம் பெர்ரி மட்டும் சுத்தி இருந்த பிளாஸ்டிக் கிழியாம இருந்துச்சுன்னு எடுத்துட்டு வந்தான். பாட்டி அதை முகர்ந்து பார்த்துட்டு, என்கிட்ட நீட்டி, நீ மோந்து சொல்லுன்னாங்க.